கடலூர்ச் சண்டையும் பம்பாய் டாக்யார்டும் – கடிதம், பதில்

அன்புள்ள சார்,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். பத்து வருஷமாகச் செம்பூரில் இருக்கிறேன். போன வாரம் ஆபீஸில் ஒரு வீடியோ கால். அமெரிக்க கிளையண்ட் ஒருவர் சும்மா ஊரை விசாரித்தார். கடலூர் என்றேன். "எங்கள் சுதந்திரப் போரின் கடைசிச் சண்டை உங்கள் ஊர்க் கடலில்தானே நடந்தது?" என்று கேட்டார். கிண்டல் என்றுதான் நினைத்தேன். தேடிப் பார்த்தால் 1783 ஜூன் 20 என்று தேதியே இருக்கிறது!

சில்வர் பீச்சில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன் நான். பள்ளியில் ஒரு வாத்தியாரும் இதைச் சொன்னதில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் வாட்ஸப் குழுவில் போட்டேன். பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர், கடற்கரையில் நினைவுத்தூண் கேட்டு மனு எழுதலாம் என்கிறார்கள்.

அமெரிக்கா எங்கே, கடலூர் எங்கே? யார் ஜெயித்தார்கள்? நம் ஆட்களுக்கு இதில் பங்கு உண்டா? மனுவில் நான் கையெழுத்துப் போடலாமா?

– கடலூர்க்காரன், செம்பூர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கிளையண்ட் சொன்னது முக்கால்வாசி சரி. அந்தப் போரின் கடைசிக் கடற்சண்டை கடலூரில்தான். ஐந்து நாள் கழித்துத் தரையிலும் ஒரு மோதல் நடந்தது, அதுவும் உங்கள் ஊரில்தான். ஆனால் அமெரிக்கக் கப்பல் ஒன்றுகூட அங்கே வரவில்லை. 1778இல் பிரான்ஸ் அமெரிக்கர் பக்கம் சேர்ந்ததும், இங்கிலாந்துக் கொடியும் பிரெஞ்சுக் கொடியும் பக்கத்துப் பக்கத்தில் பறந்த இடமெல்லாம் போர்க்களமாகிவிட்டது. அந்த அக்டோபரிலேயே புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. அடுத்த மார்ச்சில் மாஹே. ஐதர் அலிக்குத் தளவாடங்கள் வந்துகொண்டிருந்தது மாஹே வழியாகத்தான். அந்தக் கோபமும் சேர்ந்து, 1780 ஜூலையில் அவர் கர்நாடகச் சீமைக்குள் (ஆற்காட்டு நவாபின் தமிழ்ப் பகுதி, இன்றைய கர்நாடகம் அல்ல) இறங்கினார். நம் பாடப்புத்தகத்தில் அது இரண்டாம் மைசூர்ப் போர், அமெரிக்கப் போர் வேறு பாடம். இரண்டு பாடத்துக்கும் நடுவில் கடலூர் விழுந்துவிட்டது. உங்கள் வாத்தியாரைக் குறை சொல்லாதீர்கள்.

ஐதரிடம் குதிரைப்படை இருந்தது, கடற்படை இல்லை. கொஞ்சம் இருந்ததையும் 1780 டிசம்பரில் மங்களூர்த் துறையிலேயே ஆங்கிலேயர் எரித்துவிட்டார்கள். எரித்தவர் அட்மிரல் எட்வர்ட் ஹியூஸ். ஆகவே ஐதருக்குப் பிரெஞ்சுக் கப்பல்கள் வேண்டும், பிரெஞ்சுக்காரருக்கு ஐதரின் அரிசியும் மாடும் பணமும் வேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்காக வந்து சேர்ந்தவர்தான் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரென். தென் பிரான்சின் புரோவான்ஸ்காரர், பெருத்த உடம்பு, உடையில் அக்கறை கிடையாது. 1782 ஜூலையில் ஐதரின் கூடாரத்துக்குப் போனபோது சம்மணமிட்டு உட்கார முடியாமல் திணறினாராம். வசதிப்படி உட்காருங்கள் என்று ஐதரே சொன்னதாக ஒரு கதை உண்டு.

ஹியூஸும் சுஃப்ரெனும் பதினாறு மாதத்தில் ஐந்து முறை மோதினார்கள். 1782 பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினம், ஏப்ரலில் இலங்கையின் கிழக்குக் கரை, ஜூலையில் நாகப்பட்டினம், செப்டம்பரில் திரிகோணமலை, கடைசியாக 1783 ஜூனில் கடலூர். ஐந்திலும் சேர்த்து ஒரு பெரிய போர்க்கப்பல்கூடச் சண்டையில் மூழ்கவில்லை, பிடிபடவுமில்லை. பிரெஞ்சுக்காரர் இழந்த இரண்டு பெரிய கப்பல்களும் சண்டை இல்லாத நாட்களில் தரைதட்டிப் போனவை. ஒன்று திரிகோணமலையில், இன்னொன்று உங்கள் கடலூரில்.

அப்படியானால் எதை வைத்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்? எனக்கு இந்தக் கதையில் ருசியே இங்கேதான். பீரங்கியை விட மரமும் தண்ணீரும்தான் இந்தப் போரை நடத்தின. அந்தக் காலத்தில் சோழமண்டலக் கரையில் துறைமுகம் என்று ஒன்று கிடையாது. கப்பல் தள்ளி நிற்கும், அலையைத் தாண்டிச் சாமானைக் கரைசேர்ப்பது மசூலாப் படகுகள். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவக்காற்று வந்தால் அப்படி நிற்கவும் முடியாது. 1782 அக்டோபரில் ஹியூஸ் சென்னையை விட்டுக் கிளம்பிய அன்றே புயல். அரிசியோடு நின்ற நாட்டுக் கப்பல்கள் பல நொறுங்கின. ஊரில் ஏற்கெனவே பஞ்சம். அந்தப் பஞ்சத்தில் தொடங்கிய கஞ்சித்தொட்டிதான் பிறகு மணியக்காரர் சத்திரம் ஆனது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியை வடசென்னைப் பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வது அதனால்தான்.

ஹியூஸ் போன இடம் நம் பம்பாய். நான் பல வருஷம் லயன் கேட்டைத் தாண்டி ஆபீஸ் போனவன். உள்ளே கடற்படை டாக்யார்டு, நம்மை விடமாட்டார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால்தான் 1750 முதல் 1765க்குள் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று டிரை டாக் (நீரை வடித்துக் கப்பலின் அடிப்பாகத்தைப் பழுதுபார்க்கும் தொட்டி) கட்டினார்கள். அதில் பெரும்பங்கு சூரத்திலிருந்து வந்த பார்சித் தச்சர் லவ்ஜி நுசர்வான்ஜி வாடியாவுக்கு. ஹியூஸ் வந்த காலத்தில் லவ்ஜி இல்லை, பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள். மரீன் டிரைவில் ஹை டைடுக்கும் லோ டைடுக்கும் தண்ணீர் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். இங்கே நாலு மீட்டருக்கு மேல் போகும். ஏற்றத்தில் கப்பலை உள்ளே விட்டு, வற்றத்தில் நீர் வடிந்ததும் கதவை அடைத்துவிட்டால், அடிப்பாகம் முழுக்கக் காய்ந்து கிடக்கும். புழு அரித்த பலகையை மாற்றலாம், செப்புத் தகடு அடிக்கலாம். கடலூரில் அந்த ஏற்றம் ஒரு மீட்டர் அளவுதான். அங்கே பணத்தைக் கொட்டினாலும் இந்த மாதிரி டாக் கட்ட முடியாது.

சுஃப்ரெனுக்கு அப்படி ஒரு இடம் இல்லை. மொரீஷியஸுக்குத் திரும்பு என்ற உத்தரவை மீறிக் கரையோரமே நின்றார். நாகப்பட்டினச் சண்டையில் பாய்மரங்கள் முறிந்து கடலூருக்கு வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? சின்னக் கப்பல்களின் மரங்களைப் பிடுங்கிப் பெரியவற்றில் நட்டார். அடித்தளப் பலகை போதவில்லை, கரையிலிருந்த வீடுகளை இடித்து உத்தரங்களை எடுத்துக்கொண்டார். தம்பி, உங்கள் கேள்விக்கு என் முதல் பதில் இதுதான். கடலூர்க்காரர்களின் வீட்டு மரம் பிரெஞ்சுக் கப்பலில் ஆணியடிக்கப்பட்டு, அமெரிக்கப் போரில் குண்டு வாங்கியிருக்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. சுஃப்ரென் அந்த உத்தரத்தோடு ஆகஸ்டில் திரிகோணமலைக்குப் போய், அதைப் பிடித்தும் விட்டார். அப்புறம்தான் அவருக்கு ஒரு துறைமுகம் கிடைத்தது. அவர் கெட்டிக்காரர்தான், சந்தேகமில்லை. ஆனால் அதே மாதத்தில் தன்னிடம் இருந்த ஆங்கிலக் கைதிகளை ஐதரிடம் ஒப்படைத்தவரும் அவர்தான். சோறு போட முடியவில்லை என்பது காரணம். அந்தக் கறை அவர் பெயரிலிருந்து போகவில்லை.

கடலூர்ச் சண்டைக்கு வருகிறேன். ஐதர் 1782 டிசம்பரில் இறந்துவிட்டார். வயதான, வாத நோய்க்காரரான தளபதி புஸ்ஸி கடலூரில் பிரெஞ்சுப் படையோடு இருந்தார். ஆங்கில ஜெனரல் ஸ்டூவர்ட் 1783 ஜூன் தொடக்கத்தில் முற்றுகையிட்டார். 13ஆம் தேதி ஊருக்குத் தெற்கே நடந்த மோதலில் ஆங்கிலப் பக்கம் மட்டும் ஏறக்குறைய ஆயிரம் பேர் செத்தோ காயப்பட்டோ விழுந்தார்கள். ஸ்டூவர்ட்டுக்குச் சோறும் குண்டும் கடல் வழி வரவேண்டும். அதைக் காக்க ஹியூஸ் பதினெட்டுக் கப்பலோடு நின்றார். பம்பாயில் செப்பனிட்டு வந்த கப்பல்கள்.

சுஃப்ரெனிடம் பதினைந்து. மாலுமிகளும் குறைவு. புஸ்ஸியிடம் 1,200 பேரைக் கடன் வாங்கிக் கப்பலில் ஏற்றினார். அதில் பாதி நம் சிப்பாய்கள். பங்கு கேட்டீர்களே, இதோ. 20ஆம் தேதி மாலை மூன்று மணி நேரம் பக்கத்துக்குப் பக்கம் நின்று சுட்டுக்கொண்டார்கள். இரு பக்கமும் சேர்த்து இருநூறு பேர் செத்தார்கள், எண்ணூறுக்கு மேல் காயம். ஒரு கப்பலும் போகவில்லை. காகிதத்தில் சமநிலைதான்.

ஆனால் ஹியூஸின் ஆட்களில் ஆயிரத்துக்கு மேல் ஸ்கர்வியில் (பழம், காய்கறி இல்லாமல் கப்பலில் வரும் நோய்) படுத்திருந்தார்கள், குடிதண்ணீரும் தீர்ந்துவிட்டது. அவர் சென்னைக்குப் போனார், சுஃப்ரென் கடலூர் முன்னால் நங்கூரமிட்டார். சண்டையின் முடிவு அந்த நங்கூரத்தில் இருக்கிறது. (எலுமிச்சை ஸ்கர்விக்கு மருந்து என்று அவர்கள் நாட்டு வைத்தியர் ஒருவர் முப்பது வருஷம் முன்பே எழுதிவிட்டார். கடற்படை கேட்டுக்கொண்டது 1795இல். சென்னையில் ஒரு ஊறுகாய் ஜாடி வாங்கியிருக்கலாம்.) கடலை இழந்த ஸ்டூவர்ட்டின் பாடு திண்டாட்டம். 25ஆம் தேதி புஸ்ஸியின் ஆட்கள் வெளியே வந்து தாக்கித் தோற்றார்கள். நான் முதலில் சொன்ன தரை மோதல் அதுதான்.

29ஆம் தேதி வெள்ளைக்கொடியோடு ஓர் ஆங்கிலக் கப்பல் வந்தது. இங்கிலாந்தும் பிரான்சும் ஜனவரி 20ஆம் தேதியே முதற்கட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டன என்று சேதி. அதாவது கடலூர்க் கடலில் பீரங்கி முழங்கியது, சமாதானம் ஆகிச் சரியாக ஐந்து மாதம் கழித்து. கப்பல் வந்தால்தான் சேதி வரும் காலம். அந்த ஆயிரம் பேரும் இருநூறு பேரும் முடிந்துபோன போரில் விழுந்தவர்கள். திப்புவுக்கு மட்டும் போர் முடியவில்லை. பிரெஞ்சு உதவி விலகிய பிறகும் அவர் மங்களூரில் முற்றுகையைத் தொடர்ந்தார், ஒப்பந்தம் 1784 மார்ச்சில்தான்.

யார் ஜெயித்தார்கள்? கடலூர்க் கடலில் சுஃப்ரென். சமாதான மேசையில் புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்தது, திரிகோணமலை முன்பு வைத்திருந்த டச்சுக்காரருக்கே போனது, நாகப்பட்டினத்தை ஆங்கிலேயர் வைத்துக்கொண்டார்கள். இவ்வளவுக்கும் இந்தக் கரையில் கிடைத்த லாபம் அவ்வளவுதான்.

தமிழில் யாராவது எழுதினார்களா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். புதுச்சேரியில் நயினார் (ஊர்க்காவல் தலைவர்) வேலை பார்த்த இரண்டாம் வீராநாயக்கர் 1778 முதல் 1792 வரை எழுதிய நாட்குறிப்பு அச்சில் இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளையோடு நிறுத்திவிடுகிறோம், இவரை யாரும் தொடுவதில்லை. உங்கள் குழுவில் மனு எழுதுகிறவர்களை முதலில் அதைப் படிக்கச் சொல்லுங்கள்.

மனு விஷயம். அட்மிரல்கள் பெயரைப் பொறித்த தூண் என்றால் நான் வரவில்லை. சுஃப்ரெனுக்கு அவர் நாட்டில் சிலை இருக்கிறது. வீட்டு உத்தரங்களைப் பற்றியும் 600 சிப்பாய்களைப் பற்றியும் இரண்டு வரி பலகையில் வருமென்றால் என் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரைவை அனுப்புங்கள், பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஃபோர்ட் பக்கம் வந்தாலும் சரி, லயன் கேட்டுக்கு எதிரே நின்று டீ குடித்தபடி திருத்திக் கொடுக்கிறேன்.

அன்புடன்.