சிறுநீரக மாற்றுக்குப் பிறகும் பாராதைராய்டு ஹார்மோன் ஏன் குறையவில்லை?

மாற்றுச் சிறுநீரகம் நன்றாக இயங்கி, கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டும் கழிவுப்பொருள்) சீராக இருந்தும், ஓராண்டு கழித்துக் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் கூடுதலாக இருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். டயாலிசிஸ் காலத்தில் பாஸ்பேட் தேங்கி, வைட்டமின் டி குறைவதால், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் பருத்துவிடுகின்றன. அவற்றில் முடிச்சு முடிச்சாக வளர்ந்தவை, காரணம் நீங்கிய பின்னும் எளிதில் சுருங்குவதில்லை. புதுச் சிறுநீரகம் இந்தச் சுரப்பிகள் சுரக்கும் ஹார்மோனின் கட்டளைக்கு நன்றாகவே இணங்குவதால், இரத்தத்தில் கால்சியம் ஏறுகிறது, பாஸ்பேட் சிறுநீரில் வெளியேறிக் குறைகிறது. இந்நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தால் எலும்பு தேய்ந்து முறியலாம். மாற்றுச் சிறுநீரகத்திலேயே கால்சியம் படியவும் கூடும். சினகால்செட் மாத்திரை கால்சியத்தைக் குறைக்கும், ஆனால் நிறுத்தினால் பெரும்பாலும் மீண்டும் ஏறும். இந்த மாத்திரையையும், பருத்த சுரப்பிகளின் பெரும்பகுதியை அகற்றும் அறுவை சிகிச்சையையும் ஒப்பிட்டு, ஸ்பெயினில் 30 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில் அறுவை சிகிச்சையே மேலாக இருந்தது. அறுவைக்குப் பின் உதட்டைச் சுற்றி மரத்துப்போனால், கால்சியம் மிகவும் இறங்கியிருக்கலாம் என்பதால், மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும்.