வெப்பக் கடத்துத்திறன்: அலகு மாற்றம் பற்றிய கேள்வி பதில்

குளிர்பதனக் கிடங்குகளுக்கும் நீராவிக் குழாய்களுக்கும் வெப்பக்காப்பு வடிவமைப்பது என் தொழில். ஒரு பொருள் வெப்பத்தை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்பதைக் காட்டும் எண்ணே வெப்பக் கடத்துத்திறன். அதன் அலகு மாற்றம் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அந்த அனுபவத்தைக் கொண்டு பதில் அளிக்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி): வெப்பக் கடத்துத்திறனின் அலகு வாட்/மீட்டர்·கெல்வின் என்று படித்தேன். சில அட்டவணைகளில் கெல்வினுக்குப் பதிலாகச் செல்சியஸ் உள்ளது. மாற்றும்போது 273-ஐக் கழிக்க வேண்டுமா, ஐயா?

பதில்: வேண்டாம், அம்மா. இந்த அலகில் இடம்பெறுவது வெப்பநிலை அன்று, வெப்பநிலை வேறுபாடு. சுவரின் ஒரு பக்கம் 35 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 5 டிகிரி என்றால் வேறுபாடு 30. இரண்டையும் கெல்வினாக்கிக் கழித்தாலும் அதே 30 தான் வரும். ஃபாரன்ஹீட்டில் மட்டும் ஒரு டிகிரியின் அளவே சிறியது. அது ஒரு கெல்வினில் 5/9 பங்கு. அங்கும் 32 என்ற எண்ணுக்கு வேலை இல்லை.

கேள்வி (குளிர்பதனக் கிடங்கு ஒப்பந்தக்காரர்): அமெரிக்காவிலிருந்து வந்த பாலியூரித்தேன் நுரைப் பலகையின் (பஃப் பேனல்) விவரத்தாளில் 0.16 என்று உள்ளது. பி.டி.யு. (பிரிட்டிஷ் வெப்ப அலகு) கணக்கு என்பதால் 1.73 ஆல் பெருக்கினேன், 0.277 வந்தது. விற்பனையாளரோ 0.023 என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: அவர் சொல்வதே சரி. எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அலகை மறுபடி பாருங்கள், பி.டி.யு. என்பதை அடுத்து ‘அங்குலம்’ என்று இருக்கும், கீழே ‘சதுர அடி’ என்று இருக்கும். பரப்பை அடியிலும் தடிமனை அங்குலத்திலும் அளப்பது அமெரிக்கக் கட்டுமானத் துறையின் வழக்கம். நீங்கள் எடுத்த 1.73 என்பது தடிமனையும் அடியிலேயே அளக்கும் அலகுக்கு உரியது.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று ஒரு முறை கையால் போட்டுப் பார்த்தால் பிறகு குழப்பம் வராது. ஒரு பி.டி.யு. 1055.06 ஜூல், அதை 3600 வினாடியால் வகுத்தால் 0.2931 வாட். அடியை மீட்டராக்க 0.3048 ஆல் வகுத்து, ஃபாரன்ஹீட்டைக் கெல்வினாக்க 5/9 ஆல் வகுத்தால் 1.7307 கிடைக்கும். தடிமன் அங்குலத்தில் இருந்தால் அதை மேலும் 12 ஆல் வகுக்க வேண்டும், 0.1442 வரும். 0.16-ஐ அதனால் பெருக்கினால் 0.023.

தொடக்க காலத்தில் நானே இந்தப் பிழையைச் செய்திருக்கிறேன். வெளியே 35 டிகிரி, உள்ளே மைனஸ் 15, காப்பின் தடிமன் 100 மில்லிமீட்டர். சரியான கணக்கில் சதுர மீட்டருக்கு 11.5 வாட் வெப்பம் உள்ளே வரும். என் தாளில் 138 வாட் இருந்தது. 100 சதுர மீட்டர் சுவருக்கு மூன்றில் ஒரு டன் (ஒரு டன் என்பது சுமார் 3.5 கிலோவாட்) குளிரூட்டும் திறன் போதும் என்ற இடத்தில் ஏறத்தாழ 4 டன் கேட்டு எழுதிவிட்டேன். தாளைப் பார்த்த மேலாளர், “தம்பி, இது பஃப்பா, செங்கல்லா?” என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து விடையைத் தெரிந்த பொருள்களோடு ஒப்பிடாமல் நான் கையெழுத்திடுவதில்லை: அசையாக் காற்று 0.026, கண்ணாடிப் பஞ்சு 0.04-ஐ ஒட்டி, தண்ணீர் 0.6, துருப்பிடிக்காத எஃகு 16, தாமிரம் 400-ஐ ஒட்டி.

கேள்வி (கொதிகலன் பராமரிப்பாளர்): பழைய வரைபடங்களில் கிலோகலோரி/மணி·மீட்டர்·செல்சியஸ் என்று உள்ளது.

பதில்: 1.163 ஆல் பெருக்குங்கள். 4186.8-ஐ 3600 ஆல் வகுத்தால் வருவது அதுதான்.

கேள்வி (இயற்பியல் ஆசிரியர்): என்னிடம் உள்ள பழைய நூலில் தாமிரத்தின் மதிப்பு 0.92 கலோரி/வினாடி·சென்டிமீட்டர்·செல்சியஸ். இதை எவ்வாறு மாற்றுவது?

பதில்: 418.4 ஆல் பெருக்கினால் 385 வாட்/மீட்டர்·கெல்வின். வேறு சில அட்டவணைகள் 418.68 என்று தரும். கலோரிக்கு இரு வரையறைகள் இருப்பதே காரணம். ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராத அந்த வேறுபாட்டை மாணவர்களிடம் பெரிதாக்க வேண்டியதில்லை. தாமிரத்தின் தூய்மை மாறினால் மதிப்பு அதைவிட மிக அதிகமாக மாறும்.

கேள்வி (வீடு கட்டுபவர்): கூரைக்கு ‘ஆர் 30’ காப்பு வேண்டும் என்கிறார்கள். இது எத்தனை வாட்/மீட்டர்·கெல்வின்?

பதில்: அப்படி நேரடியாக மாற்ற முடியாது. ஆர் என்பது வெப்பத்தடை. தடிமனைக் கடத்துத்திறனால் வகுத்துக் கிடைப்பது. அமெரிக்க ஆர் 30-ஐ 5.678 ஆல் வகுத்தால் 5.28 சதுர மீட்டர்·கெல்வின்/வாட். கடத்துத்திறன் 0.023 உள்ள பஃப் என்றால் இரண்டையும் பெருக்குங்கள், 0.121 மீட்டர், அதாவது சுமார் 12 சென்டிமீட்டர் தடிமன் தேவை. கண்ணாடிப் பஞ்சில் இதே தடைக்கு 21 சென்டிமீட்டர் ஆகும்.

கேள்வி (குழாய் காப்பு வேலை செய்பவர்): ஒரே வகைக் கண்ணாடிப் பஞ்சுக்கு அமெரிக்கத் தாளில் 0.25 பி.டி.யு.-அங்குலம், அதாவது 0.036 வாட், ஐரோப்பியத் தாளில் 0.034. மாற்றத்தில் எங்கே தவறினேன்?

பதில்: நீங்கள் தவறவில்லை. அமெரிக்கத் தாள்கள் பொதுவாக 75 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 24 டிகிரி செல்சியஸ் சராசரி வெப்பநிலையில் அளந்த மதிப்பைத் தருகின்றன. ஐரோப்பியத் தாள்கள் 10 டிகிரியில். வெப்பநிலை ஏறினால் பஞ்சின் கடத்துத்திறனும் ஏறும், அதை எந்த மாற்றுக் காரணியும் ஈடுசெய்யாது. உங்கள் சுடுநீர்க் குழாய் 80 டிகிரி, காப்பின் வெளிப்புறம் 40 டிகிரி என்றால் உங்களுக்குத் தேவை 60 டிகிரிக்குரிய மதிப்பு. விவரத்தாளில் வெப்பநிலைவாரியான அட்டவணை இருந்தால் அதிலிருந்து எடுங்கள். இல்லையென்றால் விற்பனையாளரிடம் கேட்டு வாங்குங்கள்.