நண்டிலை தொடங்குங்கோ

தம்பி, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலை சாப்பாட்டுக் கடை வைச்சிருக்கிற நீங்கள், கடலுணவை மனச்சாட்சியோடை வாங்க எங்கை தொடங்கலாம் எண்டு கேட்டிருந்தீங்கள்.

நண்டிலை தொடங்குங்கோ. சினை நண்டு வாங்காதேங்கோ, ஒண்டிலையே இலட்சக்கணக்கான முட்டை இருக்கும். ஆனால் வேண்டாம் எண்டு திருப்பி விட்டால் மட்டும் காணாது, அது அடுத்த கடைக்குப் போகும். மீன்பிடிக்கிற தொழிலாளியளோடை முதலே பேசுங்கோ: வலையிலை வாற சினை நண்டைக் கடலிலேயே உயிரோடை விட்டிட்டு வாறவருக்கு மற்ற நண்டுக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட்டிக் குடுங்கோ. காசை அண்டைக்கே குடுக்க வேணும். நான் யாழ்ப்பாணக் கரையிலை இருக்கிற பாசையூரிலை வாங்கத் தொடங்கேக்கை, கூட்டின விலையைவிட இந்தக் கைக்காசுதான் அவைக்குப் பெரிசாய் இருந்தது. மீன் வாங்கிற முதலாளியிட்டை முற்பணம் வாங்கின தொழிலாளி அவர் சொல்ற விலைக்குத்தான் மீனைக் குடுக்க வேண்டியிருக்கு, அதுதான் எனக்கு மனதை உறுத்தினது.

இழுவைமடியிலை, அதாவது கடலடியை வழிச்சு இழுக்கிற வலையிலை, பிடிச்ச மீன் வேண்டவே வேண்டாம். இலங்கையிலை அது 2017 இலையிருந்து சட்டப்படி தடை. எந்தப் படகு, என்ன வலை எண்டு ஒவ்வொரு நாளும் கொப்பியிலை எழுதுங்கோ. சிங்கி இறாலுக்குப் பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் பிடிக்கக் கூடாத மாதங்கள், அப்ப மெனுவிலையிருந்து எடுத்திடுங்கோ.

பொலித்தீன் பைக்குப் பதிலாய்ப் பனையோலைப் பெட்டி பாவிக்கலாம் எண்டு நீங்கள் சொன்னது நல்ல யோசனைதான். அதைப் பிறகு பாக்கலாம்.