மூடிய சுரங்கத்தில் யாருக்கு வேலை?

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. "சுரங்கமே மூடியாயிற்று, அங்கே நச்சு உலோகங்கள் கலந்த மண்ணைச் சுத்தப்படுத்தப் படிக்கப்போகிறேன் என்கிறாள் என் மகள். அங்கே யார் வேலை கொடுப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சுரங்க நிறுவனங்களே கொடுக்கும். அரசின் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புகள், ஆலோசனை நிறுவனங்கள், பரிசோதனைக் கூடங்களிலும் வேலை உண்டு.

எண்ணெய் கொட்டினால் நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லத் தின்று தீர்க்கும். ஆனால் ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் தனிமங்கள், மக்கிப்போகாது. ஜப்பானில் கமியோகா சுரங்கத்தின் காட்மியம் ஆற்றோடு வந்து நெல்வயல்களில் படிந்தது. அதனால் எலும்பு நொறுங்கும் நோய் வந்தது. அதற்குப் பெயரே ‘இதாய் இதாய்’, அதாவது ‘வலிக்குதே, வலிக்குதே’. காரணம் காட்மியம்தான் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968-இல். வயல்மண்ணைச் சீராக்கி முடித்தது 2012-இல். ஒருவர் வேலையில் சேர்ந்து ஓய்வே பெற்றுவிடலாம்!

சரி, என்ன படிப்பது? பட்டத்தின் பெயரில் ‘சுற்றுச்சூழல்’ என்று இருக்கிறதே என்பதற்காக மட்டும் சேர்த்துவிடாதீர்கள். இளநிலையில் வேதியியல், நிலவியல், மண்ணியல், சிவில் எஞ்சினியரிங் இவற்றில் ஒன்றை ஆழமாகப் படிக்கட்டும். மண் மாசு பக்கம் முதுநிலையில் திரும்பிக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால் வேதியியல் என்பேன். ஒரே மண்ணில் ஈயமும் ஆர்சனிக் என்ற நச்சும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்பேட் கலந்தால் ஈயம் கரையாத உப்பாக இறுகிவிடும். ஆனால் மண்துகளில் ஆர்சனிக் ஒட்டியிருந்த இடத்தை அதே பாஸ்பேட் பிடித்துக்கொண்டு, ஆர்சனிக்கைத் தண்ணீருக்குள் தள்ளிவிடும். ஒன்றைக் கட்டப்போய் இன்னொன்றை அவிழ்த்துவிட்ட கதை. பாஸ்பேட் மூட்டையைப் பிரிக்கும் முன்பே இதைச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் சம்பளம்.

செடி வளர்த்தே மண்ணைச் சுத்தம் செய்யலாம் என்று மகள் படித்திருப்பாள். பொய்யில்லை, ஆர்சனிக்கை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும் பெரணி ஒன்றைப் பற்றி 2001-இல் ஆய்வறிக்கை வந்தது. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும், அறுத்த பெரணியும் நச்சுக் கழிவுதான். சுண்ணாம்பு கலப்பது, நல்ல மண்ணால் மூடுவது, தோண்டி அப்புறப்படுத்துவது, களத்தில் பெரும்பாலும் இவைதான் நடக்கும்.

வேலை எப்படி இருக்கும்? வெயிலில் துளையிட்டு மண் எடுத்து, பை பையாக எண் எழுத வேண்டும். துப்பாக்கி போன்ற எக்ஸ்ரே கருவியை மண்மேல் வைத்தால் சீக்கிரமே ஈய அளவு தெரியும். மண் ஈரமாக இருந்தால் குறைத்துக் காட்டும், அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. அப்புறம் அறிக்கை, அறிக்கை, அறிக்கை. எழுத்து வராதவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள்.

உடம்புக்கு ஆகாதே என்ற உங்கள் பயம் வீண் இல்லை. முகக்கவசம், கையுறை, கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதது, களத்து உடுப்போடு வீட்டுக்குள் வராதது, அவ்வப்போது ரத்தத்தில் ஈயப் பரிசோதனை. இதில் கறாராக இல்லாத இடத்தில் சேரவே வேண்டாம்.

கல்லூரி பார்க்கப் போகும்போது ஆய்வகத்தையும் காட்டச் சொல்லுங்கள். உலோகம் அளக்கும் கருவியை மாணவர்களே இயக்குகிறார்களா, இல்லை கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறார்களா என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள்.