குளத்தில் மீன் பெரிதாகவில்லை, இன்னும் ஆயிரம் குஞ்சு வாங்கி விடலாமா?

கேட்டவர் சொன்னதன் சுருக்கம்: கரடியனாற்றுப் பக்கம் மூன்று ஏக்கர் குளம். சனி, ஞாயிறில் ஆட்கள் வந்து தூண்டில் போடுவார்கள், தோணியில் சுற்றுவார்கள். நாலு வருடமாகத் திலாப்பியா உள்ளங்கையை விடப் பெரிதாக வருவதில்லை. நீர்க்காகம் வேறு வந்து தின்கிறது. புதுக்குஞ்சு விட்டால் சரிவருமா?

வராது. குஞ்சு வாங்க வைத்திருக்கிற காசில் ஒரு வீச்சுவலை வாங்குங்கள்.

ஆயித்தியமலைப் பக்கம் மாமாவின் இரண்டு ஏக்கர் குளத்தை ஏழு வருடமாக நான்தான் பார்க்கிறேன். முதல் இரண்டு வருடம் நானும் குஞ்சு குஞ்சாகக் கொண்டுபோய்க் கொட்டினேன். உங்கள் குளத்தில் நாளைக்கே ஒரு சின்னத் திலாப்பியாவைப் பிடித்து வயிற்றைக் கீறிப் பாருங்கள். விரல் நீள மீனுக்குள் சினை கிடந்தால் அது குஞ்சு இல்லை, வளராமல் கிழடான மீன். சில பெட்டை மீன்களை வலையில் தூக்கும்போதே வாயிலிருந்து கடுகை விடப் பெரிய மஞ்சள் முட்டைகள் கொட்டும். திலாப்பியா முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கிற சாதி. 1952இல் இலங்கைக்கு வந்த மீன் இன்றைக்கு எல்லாக் குளத்திலும் இருப்பதற்கு அந்த வாய் ஒரு பெரிய காரணம். ஆவணி வெயிலில் தண்ணி வற்றும்போது கரையோரம் தாம்பாளம் தாம்பாளமாகக் குழி தெரியுமே, அது ஆண் மீன் வாயால் தோண்டிய கூடு. எங்கள் குளத்து ஒரு மூலையில் மட்டும் முப்பதுக்கு மேல் எண்ணினேன். சோறு அவ்வளவேதான், பந்தியில் ஆள் கூடிவிட்டது. இனி எவர் வயிறும் நிறையாது. பசியில் கிடக்கிற திலாப்பியா உடம்பை வளர்க்காது, சீக்கிரமே சினை பிடித்துவிடும்.

ஆகவே எடுக்க வேண்டும். கை அகலத்துக்குச் சிறிய திலாப்பியா ஒன்றும் திரும்பத் தண்ணிக்குப் போகக்கூடாது. நாங்கள் இரண்டு ஞாயிற்றுக்கு ஒருமுறை வீசுவோம். கருவாடு, தாராவுக்குத் தீன், மிச்சம் தென்னைக்கு. தூண்டில் போட வருகிறவர்களிடமும் சொல்லுங்கள், சின்னதை வீட்டுக்குக் கொண்டுபோங்கள், பெரியதை விடுங்கள் என்று. முதலில் எல்லாரும் என்னைப் பைத்தியக்காரன் மாதிரித்தான் பார்த்தார்கள். ஒன்றரை வருடம் கழித்து முக்கால் கிலோ மீன் தூண்டிலில் ஏறியதும் அந்தப் பார்வை மாறியது.

நீர்க்காகத்தை விரட்டாதீர்கள். அது தின்பது பெரும்பாலும் நீங்கள் எடுக்க வேண்டிய பொடிமீனைத்தான், கூலியில்லாமல்.

விராலையும் அப்படித்தான், அதுவும் பொடிமீனைத் தின்னும். மாரி வெள்ளத்தில் தானாகவே வந்து சேரும். தண்ணி மேல் செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுகள் ஒரு பந்தாகத் திரண்டு திரிந்தால் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கிறது என்று அர்த்தம். அந்த நேரம் எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும், அதனால்தான் பொடியன்களுக்கு அது பெரிய விளையாட்டு. எங்கள் குளத்தில் ஒரே ஒரு சட்டம்: குஞ்சோடு நிற்கிற விராலுக்குத் தூண்டில் போட்டால் அடுத்த முறை உள்ளே விடமாட்டோம்.

இனி நான் செய்த பெரிய பிழை. மூன்றாம் வருடம் பாதிக் குளத்தை ஆற்றுவாழை மூடிவிட்டது. கடையில் சொன்ன களைநாசினியை ஒரே நாளில் முழுவதற்கும் அடித்தேன். இரண்டு நாள் சந்தோஷம். பிறகு வானம் மூடிக் காற்றில்லாமல் கிடந்த ஒரு நாள், வெள்ளாப்பில் பக்கத்து வயல் பெரியப்பா வந்து கூப்பிட்டார். “மனே, மீனெல்லாம் வாயத் திறந்துக்கு மேல நிக்குது. வந்து பாரு.” போனால் கரை நெடுக வாய்கள். செத்த களை அழுகும்போது தண்ணியிலுள்ள ஒட்சிசனை இழுத்துவிடும். இரவில் பாசியும் சுவாசிக்கும், விடியப்புறம்தான் ஒட்சிசன் ஆகக் குறைந்திருக்கும். நம்மூர்ச் சூட்டில், 30 பாகைத் தண்ணியில், லீற்றருக்கு ஏழரை மில்லிகிராம் அளவில்தான் கரையும். அதிலிருந்தும் மிகக் கீழே போனால் பெரிய மீன்தான் முதலில் சாகும். வயலுக்கு இறைக்கிற மோட்டரைக் கொண்டுவந்து குளத்துத் தண்ணியையே எடுத்து உயரத்திலிருந்து குளத்துக்கே பீச்சினோம். பாதி தப்பியது. மற்றப் பாதியைச் சாக்கில் அள்ளிப் புதைத்தோம்.

அதிலிருந்து களையைக் கையால்தான் இழுக்கிறோம், ஒரு கிழமைக்கு ஒரு துண்டு. இழுத்ததைக் கரையில் விடாமல் தூரக் கொண்டுபோகிறோம். ஓரத்தில் தாமரையும் கொஞ்சப் புல்லும் இருக்கட்டும், குஞ்சுக்கு மறைவு வேண்டும். ஆட்கள் பாண் பிய்த்துப் போடுவதை நிறுத்துங்கள், மீன் தின்னாத பாண் பாசிக்கு உரம். பாசி கூடிவிட்டதா என்று பார்க்கக் கையைத் தண்ணிக்குள் நேராக விடுங்கள். முழங்கை நனைவதற்கு முன்பே உள்ளங்கை மறைந்தால் கூடிவிட்டது. (முதலை நடமாட்டம் இருந்தால் இதைத் தோணியிலிருந்தும் செய்ய வேண்டாம்.) வீட்டுத் தொட்டியில் பெருத்துப்போன டேங்க் கிளீனரை (தொட்டிப் பாசியைத் தின்ன விடுகிற மீன்) யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள், பிறகு அதை ஒழிக்க முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் மீன் விட ஆசையென்றால் கட்லா, ரோகு விடுங்கள். தேங்கிய தண்ணியில் அவை பெருகாது, விட்ட எண்ணிக்கைக்கு மேல் போகாது. இங்கினியாகலையில் நக்டாவின் (அரசின் நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகாரசபை) மீன் இனப்பெருக்க நிலையம் இருக்கிறது, அங்கே கேட்டுப் பாருங்கள். விரல் நீளமாவது இருக்க வேண்டும், அதை விடச் சின்னது விராலுக்குத்தான் சாப்பாடு. பையைத் தண்ணியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டுப் பிறகு திறவுங்கள். எல்லாவற்றுக்கும் முதல், ஐப்பசி, கார்த்திகையில் விடாதீர்கள். வான் (குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணி வெளியேறும் வழி) பாய்ந்தால் உங்கள் மீன் கீழ் வயற்காரனுக்கு. வானுக்குக் குறுக்கே வலை கட்டலாமே என்பீர்கள், நானும் கட்டினேன். ஆற்றுவாழை வந்து அடைத்துத் தண்ணி கட்டின் மேலால் ஏறப் பார்த்தது, இரவோடிரவாக மழைக்குள் நின்று அதை அறுத்தோம். தை பிறந்து வான் நின்ற பிறகு விடுங்கள்.