காலாண்டு லீவும் துருவ ஒளியும்

கேள்வி: அண்ணாச்சி, நான் பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியை. மகள் வேலைக்காக ஸ்டாக்ஹோம் போய் இரண்டு மாதம் ஆகிறது. வடதுருவ ஒளியை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மே மாதம்தான் எனக்கு நீண்ட விடுமுறை. நார்வேயின் டிராம்சோவுக்கு டிக்கெட் போடலாமா?

பதில்: போடாதீங்க டீச்சர். மே 20 வாக்கில் தொடங்கி ஜூலை 22 வாக்கு வரை டிராம்சோவில் சூரியன் அஸ்தமிப்பதே இல்லை. ஏப்ரல் பாதியிலேயே அங்கே ராத்திரி வெளுக்க ஆரம்பித்துவிடும். ஒளி மேலே ஆடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் பகல் வெளிச்சத்தில் அதை எங்கே போய்த் தேடுவது? ஆகஸ்ட் கடைசி முதல் ஏப்ரல் தொடக்கம் வரைதான் சீசன்.

உங்களுக்குத் தோதான லீவு காலாண்டுத் தேர்வு விடுமுறைதான். பகலும் இரவும் சமமாக வருகிற செப்டம்பர், மார்ச் நாட்களை ஒட்டி பூமியின் காந்தப்புலம் சூரியக் காற்றோடு (சூரியனில் இருந்து வீசுகிற மின்துகள்கள்தான் அது, துருவ ஒளியை உண்டாக்குவதும் அதுதான்) சுலபமாகப் பிணைந்துகொள்ளும் என்பதால், அந்த வாரங்களில் ஒளி வழக்கத்தைவிடக் கூடுதலாகவே வரும். டிசம்பர் மாதிரி எலும்பைத் துளைக்கிற குளிரும் செப்டம்பரில் இருக்காது. அதற்காக மார்கழி பஜனைக்குப் போட்டுப் போகிற ஸ்வெட்டரை மட்டும் நம்பிக் கிளம்பிவிடாதீர்கள், ராத்திரி இரண்டு மணி வரை திறந்தவெளியில் நிற்க வேண்டியிருக்கும்.

இடத்துக்கு வருவோம். எல்லாரும் ஒளி எங்கே அதிகம் என்றுதான் விசாரிக்கிறார்கள். விசாரிக்க வேண்டியது மேகத்தை. டிராம்சோ, ஸ்வீடனில் இருக்கிற அபிஸ்கோ, கிருணா எல்லாமே காந்தத் துருவத்தைச் சுற்றி ஒளி வளையம் விழுகிற பகுதியில்தான் இருக்கின்றன, ஒளிக்குப் பஞ்சமில்லை. ஆடி மாதத்தில் கேரளாவில் கொட்டோ கொட்டென்று கொட்டும், குற்றாலத்தில் சாரல் அடிக்கும், திருநெல்வேலி டவுனில் நமக்குக் காற்றும் புழுதியும்தான், இல்லையா? மேற்கே நிற்கிற மலை மழையை வாங்கிக்கொள்கிறது. அங்கேயும் அதே கதை. கடலோர டிராம்சோவில் மேகமும் மழையும் அடிக்கடி வந்து படுத்தும். நார்வே மலைகளைத் தாண்டி ஸ்வீடன் பக்கம் இருக்கிற அபிஸ்கோ மழை மறைவில் இருக்கிறது. ஊருக்கு முன்னால் டோர்னட்ரேஸ்க் என்கிற பெரிய ஏரி, அதற்கு மேலே மட்டும் வானம் அடிக்கடி திறந்துகொள்ளும். சுற்று வட்டாரமே மூடிக் கிடக்கும்போதும் அந்த ஓட்டை திறந்திருப்பது உண்டு என்பதால் 'அபிஸ்கோவின் நீல ஓட்டை' என்றே அதற்குப் பெயர். செப்டம்பரில் ஏரி உறைந்திருக்காது, காற்று அடங்கிய ராத்திரியாக அமைந்தால் தண்ணீரிலும் பச்சை ஆடும். உங்கள் மகள் ஊரில் இருந்து நார்விக் போகிற ராத்திரி ரயிலில் ஏறிப் படுத்தால் மறுநாள் அபிஸ்கோவிலேயே இறங்கிவிடலாம். நான் போவதாக இருந்தால் வேறு ஊரை யோசிக்கவே மாட்டேன்.

அப்புறம், ஒரே ஊரில் குறைந்தது நான்கு ராத்திரி தங்குங்கள். ஊருக்கு ஒரு ராத்திரி என்று சுற்றுகிற பேக்கேஜில் பணம் போகும், மேகம்தான் மிஞ்சும். நாள் குறிக்கும்போது காலண்டரில் பௌர்ணமியைத் தள்ளி வையுங்கள். பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதற்குக் கேபி எண் என்று 0 முதல் 9 வரை ஒரு கணக்கு சொல்வார்கள், அதை இங்கிருந்தே பார்த்து மனசைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அபிஸ்கோ வளையத்துக்கு நேர் கீழே இருக்கிறது, வானம் தெளிந்தால் அங்கே 2 இருந்தாலே போதும். ஒளி வரப்போகிறது என்கிற நிச்சயமான எச்சரிக்கை, 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் சூரியன் பக்கம் நிற்கிற செயற்கைக்கோளில் இருந்து வருவதுதான். அதுவும் மிஞ்சினால் ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் கிடைக்கும். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், ஜூலையிலேயே முடித்துவிடுங்கள்.

கேள்வி: 2024 மே மாதம் லடாக்கில் தெரிந்ததே, பொதிகை மலை உச்சியில் நின்றால் தெரியாதா? (தென்காசி வாசகர்)

பதில்: தெரியாது. ஹான்லே வானாய்வு மையத்தில் அன்று பதிவானது சிவப்பு மட்டும். பச்சை ஒளி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கும், சிவப்பு 200க்கும் மேலே. தூரத்தில் இருந்து பார்த்தால் பூமியின் வளைவு கீழ்ப்பாகத்தை மறைத்துவிடும். ரத வீதிக்கு அடுத்த தெருவில் நின்றால் மொட்டை மாடிகளுக்கு மேலே நெல்லையப்பர் தேரின் உச்சி மட்டும் நகர்ந்து போகுமே, அது மாதிரி. நாம் இருப்பதோ காந்த நடுக்கோட்டை ஒட்டி, துருவ ஒளிக்கு இதைவிடத் தள்ளி நிற்க முடியாது. அப்படி இருப்பதால்தான் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் நம்ம கிருஷ்ணாபுரத்தில் ஆய்வுக்கூடமே வைத்திருக்கிறது. துருவத்தில் காந்தப்புயல் அடித்தால் அங்கே இருக்கிற கருவிகளில் கோடு துள்ளும். நமக்குக் கிடைக்கிற தரிசனம் அவ்வளவுதான்.

கேள்வி: சரக்குக் கப்பலில் வேலை. நார்வே கரையோரம் போனபோது பார்த்தேன், வெளுத்த மேகம் மாதிரிதான் இருந்தது. செல்போனில் எடுத்தால் மட்டும் பச்சை. எல்லாம் ஏமாற்றா? (உவரி வாசகர்)

பதில்: ஏமாற்று இல்லை தம்பி, பச்சை நிஜம்தான். மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிரித்துப் பார்க்க வராது. போன் சில விநாடி ஒளியைச் சேர்த்துவைத்துக் காட்டுகிறது. பலமாக வருகிற ராத்திரியில் வெறும் கண்ணுக்கே பச்சை தெரியும், விளிம்பில் ரோஸ் நிறம் ஓடுவதும் உண்டு. அடுத்த தடவை தளத்தின் விளக்குக்கு முதுகைக் காட்டி, போனையும் பையில் போட்டுவிட்டு, 20 நிமிஷம் இருட்டில் நில்லுங்கள். போன் உள்சட்டைப் பையில் இருக்கட்டும், குளிரில் சார்ஜ் மளமளவென்று இறங்கிவிடும்.