கடோலினியத்தின் எலக்ட்ரான் அமைப்பை 'விதிவிலக்கு' என்று மனப்பாடம் செய்தால் போதாதா?

தேர்வு நெருங்கியிருக்கும், லாந்தனம், சீரியம், கடோலினியம் என்று ஒரு விதிவிலக்குப் பட்டியலை யாரோ உங்கள் கையில் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். மதிப்பெண் மட்டும் போதுமென்றால் [செனான்] 4எஃப்⁷ 5டி¹ 6எஸ்² என்று எழுதிவிடுங்கள், கிடைத்துவிடும் (4எஃப், 5டி, 6எஸ் எல்லாம் எலக்ட்ரான்கள் குடியிருக்கும் இடங்கள், மேலே உள்ள எண் அங்கே எத்தனை பேர் என்பது). ஆனால் 'விதிவிலக்கு' என்று சொல்லி வாயை அடைப்பதை என்னால் பொறுக்க முடிவதில்லை.

கடோலினியத்துக்கு ஒரு இடம் முன்னால் இருக்கும் யூரோப்பியத்தில் (அணு எண் 63) ஏழு எஃப் ஆர்பிட்டால்களிலும் (ஒவ்வொன்றிலும் இரண்டு எலக்ட்ரான்கள் வரை இருக்கலாம்) ஆளுக்கொரு எலக்ட்ரான், எல்லாம் ஒரே திசைச் சுழற்சி. கடோலினியத்தில் கூடுதலாக வரும் எலக்ட்ரான் அங்கேயே நுழைந்தால் எதிர்ச்சுழற்சியோடு இணைசேர வேண்டும். அதைவிட 5டி-க்குப் போவது ஆற்றல் கணக்கில் லாபம். "அப்படியானால் அடுத்து வரும் டெர்பியம் ஏன் மறுபடி 4எஃப்⁹ 6எஸ்² ஆகிறது?" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். நியாயமான கேள்விதான். 4எஃப், 5டி இரண்டின் ஆற்றலும் அவ்வளவு நெருக்கம். அணுக்கருவில் ஒரு புரோட்டான் கூடியதும் எஃப் இன்னும் கீழே இறங்கிவிடுகிறது. ஏழும் ஆளுக்கொன்றாக நிற்கும் இந்தப் பாதி நிரம்பிய கூடு எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை.

பட்டியல் மறைப்பது வேறொன்றை. இந்த அமைப்பெல்லாம் தனித்து நிற்கும் அணுவுக்குத்தான். உலோகமாகத் திரளும்போது அநேகமாக எல்லா லாந்தனைடும் (லாந்தனத்தில் தொடங்கும் இந்தத் தனிம வரிசை) மூன்று எலக்ட்ரான்களைப் பொதுவில் விட்டுவிடும். அங்கே கடோலினியம் வரிசையோடு சேர்ந்துவிடுகிறது. தன் ஏழு எஃப் எலக்ட்ரான்களையும் இறுகப் பிடித்துக்கொண்டு இரண்டை மட்டும் தரும் யூரோப்பியம்தான் தனித்துப் போகிறது. அந்த வித்தியாசம் உருகுநிலையிலும் அடர்த்தியிலும் தெரியும்: கடோலினியம் 1313 டிகிரி செல்சியஸில் உருகும், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.9 கிராம். பக்கத்து வீட்டு யூரோப்பியம் 822 டிகிரியிலேயே உருகிவிடும், அடர்த்தி 5.2 தான்.

நான் கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில் ஒரு மாணவி இதே கேள்வியை எரிச்சலோடு கேட்டாள். மறுநாள் கட்டைவிரல் நகமளவு கடோலினியத் துண்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு ஐஸ் தண்ணீரில் முக்கி, ஒரு சாதாரணக் காந்தத்தைக் காட்டினேன். இரும்பு மாதிரி ஒட்டியது. "இப்போது கையில் பொத்திப் பிடித்துக்கொள்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் காந்தத்தில் வைத்தால் நிற்காமல் விழுந்தது. கியூரி வெப்பநிலை, அதாவது அதற்கு மேல் ஒரு உலோகம் இப்படி ஒட்டும் காந்தத்தன்மையை இழக்கும் வெப்பநிலை, இரும்புக்கு 770 டிகிரி. இதற்கு சுமார் 20 டிகிரிதான், கைச்சூடே போதும். (வலுவான நியோடிமியம் காந்தம் சூடான துண்டையும் இழுக்கும், அதை வைத்துச் சோதித்துவிட்டு என்னைத் திட்ட வேண்டாம்.)

"ஏழு எலக்ட்ரானும் உள்ளே 5எஸ், 5பி-க்கு அடியில் ஒளிந்திருக்கின்றனவே சார், பக்கத்து அணுவுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். பொதுவில் ஓடும் அந்த 5டி, 6எஸ் எலக்ட்ரான்கள்தான் ஒரு அணுவின் சுழற்சித் திசையை அடுத்ததற்குக் கொண்டுபோகின்றன. ஏழு எஃப் எலக்ட்ரானுக்கு அணு ஒன்றுக்கு 7 போர் மேக்னட்டான்தான் (அணுவின் காந்த வலிமையை அளக்கும் அலகு) வர வேண்டும். குளிர்வித்து அளந்தால் சுமார் 7.6 வருகிறது. அந்த உபரி, இந்த ஓடும் எலக்ட்ரான்கள் தாமும் காந்தமாவதால் வருவது. நீங்கள் மனப்பாடம் செய்யப்போகும் 5டி¹ இவ்வளவு வேலை செய்கிறது.

அந்தத் துண்டை அலமாரியிலிருந்து வெளியே எடுக்க நான் பட்ட பாடு தனி. "தணிக்கையில் எண்ணிக் காட்ட வேண்டிய பொருள், தொலைந்தால் யார் பொறுப்பு?" என்று கையெழுத்துக்கு மேல் கையெழுத்து. வாங்கிய நாளிலிருந்து எந்த மாணவரும் அதைத் தொட்டதில்லை. பதிவேட்டில் பத்திரமாக இருப்பதற்கா ஒரு ஆய்வகம் உலோகம் வாங்குகிறது? இன்றும் நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

உங்கள் ஆய்வகத்தில் இருந்தால் விடாமல் கேட்டு வாங்குங்கள். தண்ணீரில் நேரடியாகப் போட வேண்டாம், ஈரத்தில் மெல்ல மெல்லக் கறுத்து உதிரும்.